ஒவ்வொரு சுவரும் கணக்கில் வரட்டும்: மதுரை நீச்சல் பயிற்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பயிற்சியாளர்களுக்கு,

வணக்கம். மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் நடக்கும் பள்ளி, மாவட்ட நீச்சல் போட்டிகளில் லேன் முடிவில் வெள்ளைச் சட்டையோடு நின்று டர்ன் (சுவரைத் தொட்டுத் திரும்புவது) பார்க்கும் நடுவர்களில் நானும் ஒருவன். கேலரியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு யார் முந்துகிறார்கள் என்பது தெரியும். ஸ்டாப் வாட்ச் பிடித்திருப்பவருக்கு நேரம் தெரியும். சுவரோரம் குனிந்து நிற்கும் எங்களுக்குத் தெரிவது வேறு. பிள்ளை சுவரை எப்படித் தொடுகிறது, எப்படித் திரும்புகிறது, உதைத்துக் கிளம்பிய பிறகு உடம்பு எந்த வாகில் இருக்கிறது என்பதெல்லாம் அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும். அப்படி நின்று பார்த்ததை வைத்து உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். பயிற்சியில் மீட்டர் கணக்கை, அதாவது ஒரு நாளில் நீந்த வைக்கும் மொத்தத் தூரத்தை, கொஞ்சம் குறையுங்கள். மிச்சமாகும் நேரத்தில் ஒவ்வொரு சுவரையும், ஒவ்வொரு கை வீச்சையும் பிள்ளைகள் சரியாகச் செய்யும்படி பாருங்கள்.

விடியற்காலை ஐந்து மணிக்கே நீச்சல் குளத்துக்கு வந்து, ஒரு லேனில் எட்டுப் பத்துப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, தொண்டை கட்டக் கத்தி நீங்கள் சொல்லித் தருவதை நான் அறிவேன். குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்த உழைப்பு போட்டி நாளில் வீணாகப் போவதைப் பார்க்கப் பொறுக்காமல் எழுதுகிறேன்.

முதலில் தகுதி நீக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன். பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கிலும் (மார்பு நீச்சல்) பட்டர்பிளையிலும் (வண்ணத்துப்பூச்சி நீச்சல்) ஒவ்வொரு டர்னிலும், முடிவிலும், இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் சுவரில் பட வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று இல்லாமல் பிரிந்திருக்க வேண்டும். இது சர்வதேச விதி. நம் பிள்ளைகளில் பலர் களைத்துப்போன கடைசி லேப்பில் ஒரு கையை முன்னால் வைத்துவிடுகிறார்கள். தப்பு நடந்தது என்று காட்ட நான் கையைத் தூக்க வேண்டியதாகிறது. அழுதுகொண்டே கரையேறும் பிள்ளையிடம் கேட்டால், "ரெண்டு கைன்னு தெரியும் சார், பழக்கத்துல வந்துருச்சு" என்கிறது. விதி தெரியாமல் நடந்த தப்பு இல்லை அது. தினமும் மாலையில் சுவரை ஒரு கையால் பிடித்து, தலையைத் தூக்கி, கண்ணாடியைச் சரிசெய்து, பக்கத்து லேன் நண்பனிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுக் கிளம்பிய பழக்கம். மூச்சு முட்டும் நேரத்தில் உடம்பு யோசிக்காது, பழகியதைத்தான் செய்யும்.

மல்லாந்து நீந்தும் பேக் ஸ்ட்ரோக்கிலும் இதே கதைதான். டர்னுக்காகக் குப்புறப் புரண்டால் தாமதிக்காமல் கையை இழுத்து, அந்த வேகத்திலேயே குட்டிக்கரணம் போட்டுவிட வேண்டும். சுவர் எவ்வளவு தூரம் என்று தெரியாத பிள்ளை முன்கூட்டியே புரண்டு, காலை மட்டும் அடித்துக்கொண்டு சுவர் வரை மிதந்து போகிறது. அதுவும் தகுதி நீக்கம். இதற்காகத்தான் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளிக் குளத்தின் குறுக்கே கொடிக்கயிறு கட்டச் சொல்கிறார்கள். கொடி தலைக்கு மேல் தெரிந்த பிறகு தனக்கு எத்தனை கை என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் எண்ணிக்கை தெரிந்திருக்க வேண்டும். உயரம் கூடும்போது அந்த எண்ணும் மாறும் என்பதால் அவ்வப்போது திரும்பவும் எண்ண வைக்க வேண்டும். கொடி கட்டாத குளத்தில் வருடம் முழுக்கப் பழகிவிட்டு, போட்டியன்று மட்டும் கொடியைப் பார்க்கும் பிள்ளையிடம் நாம் எதை எதிர்பார்க்க முடியும்?

தகுதி நீக்கத்தைத் தாண்டி, நேரக் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. 25 மீட்டர் குளத்தில் 200 மீட்டர் நீந்தினால் ஏழு டர்ன், 400 மீட்டர் என்றால் பதினைந்து. ஒரு டர்னுக்கு அரை விநாடி வீணானால் 200 மீட்டரில் மூன்றரை விநாடி போய்விடும். அந்த மூன்றரை விநாடியைக் கை வேகத்தில் மட்டும் சம்பாதிக்க ஒரு பிள்ளைக்கு எத்தனை மாதம் ஆகும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். டர்னில் அதைச் சம்பாதிக்கக் கூடுதல் பலம் வேண்டாம், கவனம் போதும்.

டைவ் அடித்து நீரில் விழும் நொடியை விட்டால், நீச்சல்காரர் மிக வேகமாகப் போவது சுவரை உதைத்துக் கிளம்பும்போதுதான். அந்த வேகத்தை எவ்வளவு தூரம் காப்பாற்றுகிறோம் என்பது உடம்பு நிற்கும் வாகைப் பொறுத்தது. ஒரு கையின் மேல் மறு கை, மேல்கையின் கட்டைவிரல் கீழ்க்கையைச் சுற்றிப் பூட்டியபடி, புஜங்கள் காதுக்குப் பின்னால் நெருக்கி, வயிறு உள்ளே, கால்விரல் நீண்டு இருக்க வேண்டும். இது எல்லாருக்கும் தெரிந்த பாடம். ஆனால் போட்டியில் பத்துப் பிள்ளைகள் கிளம்பினால் ஏழெட்டுப் பேர் கைகளை அகட்டி, தலையைத் தூக்கி, உடனே மேலே வந்துவிடுகிறார்கள். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு கிட்டத்தட்ட நான்கு மடங்காகும். ஆக, வேகம் அதிகமாக இருக்கும் அந்த நொடியில் உடம்பு கோணலாக இருந்தால் இழப்பும் அங்கேதான் அதிகம். கையை வேகமாகச் சுற்றிப் பின்னால் ஈடுகட்டப் பார்ப்பது வீண் செலவு.

இந்த இடத்தில் நம் வட்டாரத்துப் பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும்.

மேலூர் பக்கத்துக் கிணறுகளிலும், வாடிப்பட்டி, அலங்காநல்லூர் பக்கம் பெரியாறு கால்வாயிலும், ஊர்க் கண்மாய்களிலும் நீச்சல் பழகிய பிள்ளைகள் போட்டிகளுக்கு வருகிறார்கள். இடுப்பில் சுரைக்குடுக்கையோ பிளாஸ்டிக் கேனோ கட்டி, மேலே கயிற்றை அப்பாவோ மாமாவோ பிடித்திருக்கக் கற்றுக்கொண்டவர்கள். குளத்துக்கு வந்ததும் "எல்லாம் தப்பு, முதலிலிருந்து பழகு" என்று அவர்களிடம் சொல்லிவிடுவது நம் வழக்கமாகிவிட்டது. அவர்கள் கொண்டுவரும் சொத்து என்ன என்று பார்க்காமலேயே இப்படிச் சொல்கிறோம்.

அவர்களுக்குத் தண்ணீர் பயம் கிடையாது. முங்கு நீச்சலில் கிணற்றின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் போகத் தெரியும். நீருக்கடியில் பதறாமல் கண்ணைத் திறந்து இருக்கத் தெரியும். நகரத்துப் பிள்ளைகளுக்கு இதைப் பழக்குவதற்குள் நமக்குப் போதும் போதும் என்றாகிவிடுகிறது. இன்றைய போட்டி நீச்சலில் டர்னுக்குப் பிறகான நீரடி டால்பின் உதைக்கு (இரண்டு கால்களையும் சேர்த்து அடிப்பது) எவ்வளவு மதிப்பு என்று நீங்கள் அறிவீர்கள். 1988 சியோல் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் பேக் ஸ்ட்ரோக்கில் அமெரிக்காவின் டேவிட் பெர்காஃபும் ஜப்பானின் டைச்சி சுசுகியும் வெகுதூரம் நீருக்கடியிலேயே போனார்கள். தங்கம் சுசுகிக்குக் கிடைத்தது. அதற்குப் பிறகுதான் நீரடித் தூரத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. இன்று ஃப்ரீஸ்டைல், பேக் ஸ்ட்ரோக், பட்டர்பிளை மூன்றிலும் 15 மீட்டருக்குள் தலை வெளியே தெரிந்தாக வேண்டும். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்த 15 மீட்டரில் மூன்றோ நான்கோ மீட்டரைத்தான் பயன்படுத்துகிறார்கள். கிணற்றில் முங்கிப் பழகிய பிள்ளைக்கு டால்பின் உதையை மட்டும் ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்தால் அந்த இடத்தில் அது எல்லாரையும் முந்தும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. யார் அதிக நேரம் முங்கியிருப்பது என்ற பந்தயத்தைக் குளத்தில் அடியோடு தடை செய்யுங்கள். முங்குவதற்கு முன் வேகவேகமாகப் பல தடவை மூச்சை இழுத்து விட்டால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும். மூச்சு விடச் சொல்லி உடம்பைத் தூண்டுவது அந்த வாயுதான். தூண்டுதல் வருவதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து, பிள்ளை சத்தமே இல்லாமல் நினைவிழந்துவிடும். நன்றாக நீந்தத் தெரிந்த பிள்ளைகளுக்கே இந்த ஆபத்து அதிகம். நீரடிப் பயிற்சி எப்போதும் உங்கள் கண் முன்னால், குறைந்த தூரத்தில், போதிய ஓய்வோடு நடக்கட்டும்.

கிணற்றுப் பழக்கத்தில் மாற்ற வேண்டியது முக்கியமாகத் தலையைத்தான். கிணற்றிலும் கால்வாயிலும் எதிரே என்ன வருகிறது என்று பார்க்கத் தலையைத் தூக்கித்தான் நீந்த வேண்டும். அங்கே அது புத்திசாலித்தனம். குளத்தில் தலை மேலே போனால் இடுப்பும் காலும் கீழே போகும். அப்புறம் உடம்பு தண்ணீரை மார்பால் தள்ளிக்கொண்டே போக வேண்டியிருக்கும். "தலையைக் குனி" என்று கரையிலிருந்து கத்தினால் பிள்ளை தாடையை நெஞ்சில் ஒட்டிக்கொள்ளும், அதுவும் சரியில்லை. குளத்தின் அடியில் தனக்குச் சற்று முன்னால் இருக்கும் கறுப்புக் கோட்டைப் பார்க்கச் சொன்னால் கழுத்து தானாக நேராகும்.

மூச்சுக்கும் இதில் பங்கு உண்டு. பல பிள்ளைகள் தண்ணீருக்குள் மூச்சை அடக்கி வைத்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிய அரை விநாடியில் வெளியே விட்டு உள்ளே இழுக்க இரண்டையும் செய்யப் பார்க்கிறார்கள். நேரம் போதாததால் தலையைத் தூக்குகிறார்கள். முகம் நீருக்குள் இருக்கும்போதே மூக்கிலும் வாயிலும் சீராகக் குமிழ் விடப் பழகிவிட்டால், திரும்பும்போது இழுப்பது ஒன்றே வேலை. கண்ணாடியின் ஒரு கண் நீருக்குள்ளேயே இருக்கும்படி திரும்பினால் போதும். தொடக்கப் பிள்ளைகளுக்கு முதல் மாதம் முழுக்க இதை மட்டுமே சொல்லிக் கொடுத்தாலும் நேரம் வீணாகாது என்பது என் கருத்து. பெற்றோர் முணுமுணுப்பார்கள்தான்.

கை விஷயத்தில் ஒன்றே ஒன்று. முன்னால் கை நீருக்குள் போனதும் முழங்கை கீழே விழுந்துவிடுகிறது. உள்ளங்கை தண்ணீரைக் கீழ்நோக்கி அமுக்குகிறது. உடம்பு முன்னால் போவதற்குப் பதிலாக மேலும் கீழும் ஆடுகிறது. விரல்நுனி கீழே பார்க்க, முழங்கை உயரத்தில் நிற்க, உள்ளங்கையோடு முன்கை முழுவதும் சேர்ந்து தண்ணீரைப் பின்னால் தள்ள வேண்டும். இதை வாயால் சொல்லிப் புரியவைப்பது கடினம். கரையோரம் குனிந்து பிள்ளையின் கையைப் பிடித்துக் காட்டுங்கள், அல்லது போனில் படம் பிடித்து அப்போதே காட்டுங்கள். தான் செய்வதாக நினைப்பதற்கும் உண்மையில் செய்வதற்கும் உள்ள தூரம் பிள்ளைக்கு அன்றைக்கே புரியும்.

இத்தனையும் நடக்கிறதா என்று பார்க்க எளிய வழி கை எண்ணுவது. வேகம் என்பது ஒரு கைக்கு எவ்வளவு தூரம், ஒரு நிமிடத்துக்கு எத்தனை கை என்ற இரண்டின் பெருக்கல். நாம் பெரும்பாலும் இரண்டாவதை மட்டுமே விரட்டுகிறோம். 25 மீட்டரை நீந்தி எத்தனை கை, எத்தனை விநாடி என்று எண்ணி இரண்டையும் கூட்டச் சொல்லுங்கள். இருபது கை, இருபது விநாடி என்றால் நாற்பது. அடுத்த தடவை முப்பத்தொன்பதுக்குக் கொண்டுவர முயலட்டும். பிள்ளைகளுக்கு இது விளையாட்டு மாதிரி இருக்கும். தன் நீச்சலைத் தானே கவனிக்கும் பழக்கமும் வரும்.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் பட்டர்பிளையில் மைக்கேல் ஃபெல்ப்ஸின் கண்ணாடிக்குள் தண்ணீர் நிறைந்துவிட்டது. சுவர் தெரியவில்லை. கைகளை எண்ணியே நீந்தி முடித்து, 1 நிமிடம் 52.03 விநாடியில் உலக சாதனையோடு தங்கம் வாங்கினார். அதே ஒலிம்பிக்கின் 100 மீட்டர் பட்டர்பிளையில் செர்பியாவின் மிலோராட் சாவிச்சை அவர் வென்றது 0.01 விநாடியில், 50.58க்கு 50.59. சாவிச் கடைசியில் கையை நீட்டிச் சறுக்கிக்கொண்டு சுவருக்கு வந்தார். ஃபெல்ப்ஸ் இன்னொரு அரை வீச்சைப் போட்டுச் சுவரில் அடித்தார். நம் பயிற்சியில் ஒவ்வொரு லேப்பின் கடைசி 5 மீட்டரை எப்படி நீந்துகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். சுவர் தெரிந்ததும் கையைத் தொங்கவிட்டுக் காலை ஊன்றி நடந்தே வந்துவிடுகிறார்கள்.

மீட்டர் கணக்கை நீங்கள் விரும்பித்தான் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று நான் நினைக்கவில்லை. "பக்கத்து கிளப்ல மூணாயிரம் மீட்டர் போடுறாங்க, இங்க ரெண்டாயிரம்தான்" என்று கேட்கும் பெற்றோருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்களைக் கூட்டி ஒரு நாள் விளக்கிச் சொல்லுங்கள். பிள்ளை களைத்த பிறகு நீந்தும் ஒவ்வொரு கோணல் மீட்டரும் அந்தக் கோணலைத்தான் உறுதிப்படுத்துகிறது. நுட்பப் பயிற்சியை உடம்பு புத்துணர்வோடு இருக்கும் தொடக்கத்தில் வையுங்கள். கடைசிப் பத்து நிமிடம் மிஞ்சினால் பார்க்கலாம் என்று விட்டால் அது நடக்கவே நடக்காது.

தோள் வலியையும் சொல்லியாக வேண்டும். கட்டைவிரல் முதலில் நீருக்குள் போகும்படி கையைத் திருப்பி வைக்கும் பழக்கம், நடுக்கோட்டைத் தாண்டிக் கை குறுக்கே போகும் பழக்கம், இவற்றோடு சின்ன வயதிலேயே கையில் பெரிய பேடில்களை (உள்ளங்கையில் மாட்டும் பயிற்சித் தட்டுகள்) மாட்டிவிட்டால் தோள் தேய்ந்து நோகாமல் என்ன செய்யும்? "வலிச்சாலும் நீந்து" என்று சொல்லாதீர்கள். வலி என்று பிள்ளை சொன்னால் அன்றைக்குக் கிக் போர்டு (மிதவைப் பலகையைப் பிடித்துக் காலை மட்டும் அடிப்பது), நடை, நீட்சி போதும். தொடர்ந்து வலித்தால் டாக்டரிடம் அனுப்புங்கள். பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் முழங்கால் உள்பக்கம் வலிக்கிறது என்பவர்களுக்கும் இதேதான்.

குளங்களை நடத்துபவர்களும் இதைப் படித்தால், அவர்களுக்குச் சில வார்த்தைகள். கொடிக்கயிறும், விநாடி முள் பெரிதாகத் தெரியும் கடிகாரம் ஒன்றும் இருந்தால் பாதிப் பயிற்சி தானாக நடக்கும்; இரண்டும் பெரிய செலவு இல்லை. பந்தயம் தொடங்கக் குதிக்கும் மேடை இருக்கும் முனையில் சுவரிலிருந்து 1 மீட்டர் தொடங்கி 6 மீட்டர் வரையாவது ஆழம் 1.35 மீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. ஆழம் போதாத பக்கத்தில் பிள்ளைகளை டைவ் அடிக்க விடாதீர்கள், கழுத்து எலும்பு விஷயம் அது. இன்னொன்று, தலையில் தேங்காய் எண்ணெயோடும் பள்ளி வியர்வையோடும் குளிக்காமல் இறங்குவதை யாருக்கும் அனுமதிக்காதீர்கள். கண் எரிச்சலும் இருமலும் குளோரின் அதிகமானதால் வருவதாக நினைக்கிறோம். வியர்வை, சிறுநீர் எல்லாம் குளோரினோடு கலந்து உண்டாகும் குளோரமைன்தான் பெரும்பாலும் காரணம்.

பெண் பிள்ளைகள் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் குளத்திலிருந்து காணாமல் போய்விடுகிறார்கள். ஹீட்ஸ் (முதல் சுற்று) பட்டியலைப் பார்த்தாலே தெரியும். நன்றாக நீந்திக்கொண்டிருந்தவள் அடுத்த வருடம் வருவதில்லை. பூட்டு உள்ள உடை மாற்றும் அறை, குளக்கரையில் ஒரு பெண் பயிற்சியாளர், மாதவிடாய் நாட்களில் காரணம் கேட்காமல் ஓய்வு, கேலரியில் வேலையில்லாமல் உட்கார்ந்திருப்போரை வெளியேற்றும் துணிச்சல், இவை இருந்தால் பாதிப் பேராவது தொடர்வார்கள். முழங்கால் வரை மூடிய நீச்சல் உடை போட்டி விதிப்படியே சரியானது என்று வீட்டாரிடம் சொல்லுங்கள். பல வீடுகளில் அது தெரியாமலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

சென்னையைப் போல வசதி இங்கே இல்லை என்ற பேச்சு நம்மிடையே அடிக்கடி வருகிறது. வசதி வேண்டும்தான், கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் ஒலிம்பிக்கில் நேரடியாக இடம் தரும் 'ஏ' தகுதி நேரத்தை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரரான சஜன் பிரகாஷ் வளர்ந்து நீச்சல் பழகியது நெய்வேலியில். 2021 ஜூனில் ரோமில் 200 மீட்டர் பட்டர்பிளையை 1 நிமிடம் 56.38 விநாடியில் முடித்தார். நெய்வேலி மதுரையைவிடச் சின்ன ஊர்.

கடைசியாக ஒரு யோசனை. மாவட்டப் போட்டிக்கும் முதலமைச்சர் கோப்பைக்கும் முன்னால், உங்கள் குளத்தில் ஒரு மாலை மட்டும் எங்களைப் போன்ற நடுவர்களைக் கூப்பிடுங்கள். நிஜப் போட்டியைப் போலவே லேன் முடிவில் நின்று, ஒவ்வொரு பிள்ளையின் டச்சையும் டர்னையும் பார்த்து, எங்கே கை தூக்கியிருப்போம் என்று உங்களிடம் எழுதிக் கொடுக்கிறோம். பிள்ளைகளிடமும் விளக்குகிறோம். கட்டணம் எதுவும் வேண்டாம். சனி, ஞாயிறு மாலைகள் எங்களுக்கு வசதி. எந்தக் குளம், எந்த வாரம் என்று நீங்கள் சொன்னால் வந்துவிடுகிறோம்.

அன்புடன்,
ஒரு நீச்சல் நடுவர்,
மதுரை